இழுக்கிற நிலா, விலகுகிற வளையம்: யுரேனஸைச் சுற்றி நடக்கும் மேய்ச்சல்

யுரேனஸுக்குப் புதிதாக ஒரு நிலா அகப்பட்டிருக்கிறது என்ற செய்தி 2025 ஆகஸ்டில் வந்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று எடுத்த படங்களில் அது சிக்கியது. குறுக்களவு சுமார் 10 கிலோமீட்டர். பெங்களூரில் ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறி எம்.ஜி. ரோடு வந்து சேர்கிற தூரம், அவ்வளவுதான். எஸ்/2025 யூ1 என்று தற்காலிகப் பெயர் வைத்திருக்கிறார்கள். யுரேனஸின் 29ஆவது நிலா இது.

கூட வந்த படத்தில் கோளைச் சுற்றி நூல் போன்ற வளையங்களும், அவற்றை ஒட்டிப் புள்ளி புள்ளியாகச் சின்ன நிலாக்களும் தெரிந்தன. அந்த வளையங்கள் அப்படி இருப்பதற்கு இந்தச் சின்ன நிலாக்கள்தான் காரணம் என்று செய்திகள் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டன. அங்கேதான் குழப்பம். நிலாவுக்கு ஈர்ப்பு உண்டு. ஈர்ப்பு என்றால் இழுக்கும். அப்படியானால் பக்கத்து வளையத்தை இந்நேரம் அது தன்பக்கம் இழுத்துக் கலைத்திருக்க வேண்டாமா? காவல் காக்கிறது என்றால் எப்படி?

பதில் கொஞ்சம் தலைகீழானது. நிலா இழுக்கத்தான் செய்கிறது. இழுப்பதால்தான் துகள்கள் அதைவிட்டு விலகிப் போகின்றன.

காவலூரில் தெரிந்த 'நிலா'

முதலில் ஒரு பழைய கதை. இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

1977 மார்ச் 10 இரவு, ஒரு மங்கலான நட்சத்திரத்துக்கு முன்னால் யுரேனஸ் கடந்துபோக இருந்தது. இதை நட்சத்திர மறைப்பு என்பார்கள். நட்சத்திர ஒளி எப்போது மங்குகிறது, எப்போது திரும்பி வருகிறது என்று விநாடி சுத்தமாக அளந்தால், இடையில் எது வந்து மறைத்தது என்று கணக்கிடலாம். ஜேம்ஸ் எலியட் தலைமையிலான அமெரிக்கக் குழு கைப்பர் என்ற பறக்கும் ஆய்வகத்தில் ஏறி இந்தியப் பெருங்கடலின் மேலே நின்று அளந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே ஒளி ஐந்து முறை மினுங்கி அணைந்தது. கோள் நகர்ந்த பிறகு மறுபடி ஐந்து முறை. இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில் மறைப்பு விழுந்தால், சுற்றிலும் வளையம் இருக்கிறது என்று அர்த்தம். யுரேனஸின் வளையங்கள் இப்படித்தான் வெளிப்பட்டன.

அதே இரவில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூரிலும் அளந்துகொண்டிருந்தார்கள். கோரமங்களாவில் தலைமையகம் வைத்திருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அது. அங்கே இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாக ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் நட்சத்திர ஒளி சில விநாடிகள் குறைந்து மீண்டதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையம் இருக்கும் என்று அன்று கிட்டத்தட்ட யாரும் எதிர்பார்க்கவில்லை. எனவே அதை ஒரு புதிய நிலா என்று எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உண்மையில் அவர்கள் பிடித்தது வளையத்தை.

பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். நட்சத்திரத்தை நிலா மறைப்பதும் வளையம் மறைப்பதும் ஒரே மாதிரி இருந்ததற்குக் காரணமே, அந்த வளையங்கள் நம்ப முடியாத அளவு ஒடுங்கியவை என்பதுதான். சனியின் வளையங்கள் பல பத்தாயிரம் கிலோமீட்டர் அகலம் விரிந்தவை. யுரேனஸின் வளையங்களில் பெரும்பாலானவை வெறும் சில கிலோமீட்டர். எல்லாவற்றிலும் தடித்த எப்சிலான் வளையமே குறைந்த இடத்தில் 20, அதிக இடத்தில் 96 கிலோமீட்டர்தான். கோளின் மையத்திலிருந்து 51,149 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஓடுகிற வளையம் அது. அவ்வளவு நீளம், இவ்வளவு ஒடுக்கம்.

வானியலாளர்களுக்குத் தலைவலி இங்கே தொடங்கியது.

வளையம் தானாக ஒடுங்கி நிற்காது

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விதி போதும். சாலைப் பழக்கத்துக்கு நேர் எதிரான விதி என்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

கோளுக்கு அருகில் சுற்றுவது வேகமாக ஓடும். தள்ளிச் சுற்றுவது மெதுவாக ஓடும். சரி, இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கல்லை அது போகும் திசையிலேயே லேசாகத் தள்ளுங்கள். கூடுதல் உந்துதல் கிடைத்த கல் கோளைவிட்டு விலகிப் பெரிய வட்டத்துக்குப் போய்விடும். அங்கே போனதும் அதன் வேகம் முன்பைவிடக் குறைந்துபோகும். பின்னால் இழுத்தால் கல் உள்ளே இறங்கும். இறங்கியபின் வேகம் கூடும். முன்னே தள்ளினால் வெளியே, பின்னே இழுத்தால் உள்ளே. கீழே வருகிற எல்லாமே இந்த ஒரு விதிதான். கல்லின் எடை, வேகம், கோளிலிருந்து அதன் தூரம் மூன்றையும் பெருக்கி வருவதைக் கோண உந்தம் என்பார்கள். முன்னே தள்ளுவது என்றால் கோண உந்தத்தைக் கூட்டுவது என்று பொருள்.

வளையம் என்பது பனியும் பாறையும் கலந்த கோடிக்கணக்கான துண்டுகள். அவுட்டர் ரிங் ரோட்டில் லேன் லேனாக வண்டிகள் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். உள் லேன் வேகம், வெளி லேன் கொஞ்சம் மெதுவு. வண்டிகள் உரசாமல் போகவே முடியாத நெரிசல். (சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.) உரசும்போது என்ன ஆகிறது? உள்ளே வேகமாகப் போகிற துண்டு வெளியே மெதுவாகப் போகிறதை முன்னே தள்ளுகிறது. தான் பின்னே இழுபடுகிறது. விதிப்படி வெளியே இருந்தது இன்னும் வெளியே போகும். உள்ளே இருந்தது இன்னும் உள்ளே இறங்கும். கோடி மோதல்கள் நடந்தால் வளையம் இரண்டு பக்கமும் பரந்து, மெலிந்து, காணாமல் போக வேண்டும்.

இதற்கு மேல், யுரேனஸின் மேல் வளிமண்டலம் மிகவும் உப்பலானது. மெல்லிய ஹைட்ரஜன் வளையங்கள் வரைக்கும் எட்டி நிற்கிறது. சிறு துகள்களை அது உரசி உரசி உள்ளே இறக்குகிறது.

இப்படியெல்லாம் இருந்தும், கத்தியால் நறுக்கியது போன்ற ஓரங்களோடு வளையங்கள் நிற்கின்றன. அப்படியானால் யாரோ இரண்டு பக்கமும் நின்று மறிக்க வேண்டும். 1979இல் பீட்டர் கோல்ட்ரைக், ஸ்காட் ட்ரெமெய்ன் இருவரும் அதைத்தான் சொன்னார்கள். வளையத்துக்கு உள்பக்கம் ஒரு சின்ன நிலா, வெளிப்பக்கம் ஒரு சின்ன நிலா. இவற்றுக்கு மேய்ப்பர் நிலாக்கள் என்று பெயர் வந்தது. கிடை ஆடுகள் சிதறாமல் இரண்டு பக்கமும் நின்று மறிக்கிற கீதாரிகள் போல.

இழுத்தால் ஏன் விலகுகிறது?

உள்பக்க நிலாவை எடுத்துக்கொள்வோம். அது வளையத் துகளைவிடக் கோளுக்கு அருகில் இருப்பதால் வேகமாக ஓடுகிறது. அவ்வப்போது துகளைப் பின்னாலிருந்து வந்து முந்திப் போகும். அந்த ஒரு முந்தலில் நடப்பது இது:

1. நிலா பின்னால் இருக்கும்போது துகளைப் பின்னோக்கி இழுக்கிறது. கூடவே, நிலா உள்பக்கம் இருப்பதால், துகளைச் சற்று உள்ளேயும் இழுக்கிறது.

2. உள்ளே இழுபட்ட துகள் நிலாவின் பாதைப் பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறது. இந்தச் சாய்வு உடனே நடப்பதில்லை. நிலா தாண்டிப் போகிற நேரத்தில்தான் அது தெரிய வரும்.

3. நிலா முந்திவிட்டது. இப்போது அது முன்னால் இருக்கிறது; துகளை முன்னோக்கி இழுக்கிறது.

4. ஆனால் துகள் சாய்ந்துவிட்டதால் இப்போது இருவருக்கும் இடையே தூரம் குறைவு. தூரம் குறைந்தால் ஈர்ப்பு அதிகம். ஆகவே முன்னோக்கிய இழுப்பு, முதலில் வந்த பின்னோக்கிய இழுப்பைவிட ஒரு பொட்டு கூடுதல்.

5. வரவு செலவு பார்த்தால் துகளுக்கு முன்னே தள்ளல் மிச்சம். முன்னே தள்ளினால் வெளியே. துகள் நிலாவைவிட்டு விலகுகிறது.

வெளிப்பக்க நிலாவுக்கு இதையே திருப்பிப் போடுங்கள். அங்கே துகள்தான் நிலாவை முந்துகிறது. முடிவில் மிஞ்சுவது பின்னோக்கிய இழுப்பு. துகள் உள்ளே இறங்குகிறது. இரண்டு பக்கமும் விரட்டல், நடுவில் வளையம்.

இதில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. சாய்ந்த துகள் அப்படியே நீள்வட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த சந்திப்பில் வரவு செலவு மாறி, கிடைத்தது திரும்பிப் போய்விடலாம். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது பக்கத்துத் துகள்கள். அவற்றோடு மோதி மோதி, துகளின் சாய்வு அடுத்த சந்திப்புக்குள் சரியாகிவிடுகிறது. கிடைத்த உந்துதல் மட்டும் கையில் நிற்கிறது. வளையத்தைக் கலைக்கிற அதே மோதல்கள்தான் மேய்ச்சலையும் சாத்தியமாக்குகின்றன.

கடனும் ஒன்று இருக்கிறது. துகள் முன்னே தள்ளப்பட்டால் நிலா பின்னே இழுபட்டிருக்க வேண்டும். அதாவது உள்நிலா மெல்ல மெல்ல உள்ளே போகிறது. வெளிநிலா வெளியே போகிறது. மேய்ப்பர்களும் கிடையைவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

இந்த வரவு செலவைக் கண்ணால் காட்டுகிற இடம் சனியில் இருக்கிறது. சனியின் ஏ வளையத்தில் கீலர் இடைவெளி என்று 42 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு சந்து. அதற்குள் டாஃப்னிஸ் என்ற 8 கிலோமீட்டர் நிலா ஓடுகிறது. 2005இல் காசினி விண்கலம் கண்டது. அது போகும்போது சந்தின் இரண்டு ஓரங்களும் அலை அலையாக நெளிகின்றன. உள் ஓரத்தில் அலை நிலாவுக்கு முன்னால் இருக்கும், ஏனென்றால் அங்கே துகள்கள் நிலாவைவிட வேகமாக முந்திப் போகின்றன. வெளி ஓரத்தில் அலை நிலாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். எட்டு கிலோமீட்டர் பொருளால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு அந்தப் படமே போதும்.

24க்கு 25: எப்சிலானின் கணக்கு

வாயேஜர் 2 விண்கலம் 1986 ஜனவரி 24 அன்று யுரேனஸைக் கடந்தது. எப்சிலான் வளையத்தின் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன நிலாக்கள், சொல்லி வைத்தது போல இருந்தன. உள்ளே கார்டீலியா, வெளியே ஒஃபீலியா. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காவலூரில் நிலா என்று நினைத்தது வளையமாகிப்போய், அந்த வளையத்தைப் பிடித்து நிறுத்த நிஜமாகவே நிலாக்கள் தேவைப்பட்டன.

ஆனால் கார்டீலியா 49,770 கிலோமீட்டரில் ஓடுகிறது. வளையத்துக்கும் அதற்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. 40 கிலோமீட்டர் நிலாவின் ஈர்ப்பு அத்தனை தூரத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி. அது எப்படி ஓரத்தை நறுக்குகிறது?

இங்கேதான் ஒத்திசைவு வருகிறது. ரிங் ரோட்டை முழு வட்டமாகச் சுற்றுகிற இரண்டு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 25 சுற்று முடிக்கிற நேரத்தில் மற்றது சரியாக 24 சுற்று முடிக்கிறது. அப்படியானால் அவை இரண்டும் ஒவ்வொரு முறையும் ஒரே டீக்கடை வாசலில்தான் சந்திக்கும். ஒரு முறை உரசினால் ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில், ஒரே நிலையில் திரும்பத் திரும்ப உரசினால் விளைவு சேர்ந்துகொண்டே போகும்.

எப்சிலானில் எண்கள் அப்படியே பொருந்துகின்றன:

- கார்டீலியா ஒரு சுற்றுக்கு எடுப்பது சுமார் 8 மணி 2 நிமிடம். வளையத் துகள் எடுப்பது சுமார் 8 மணி 23 நிமிடம். கார்டீலியா 25 சுற்று, வளையத்தின் உள் ஓரம் 24 சுற்று.
- ஒஃபீலியாவுக்கு 9 மணி 2 நிமிடம். அது 13 சுற்று முடிப்பதற்குள் வளையத்தின் வெளி ஓரம் 14 சுற்று முடிக்கிறது.

உள் ஓரமும் வெளி ஓரமும் சரியாக இந்த இரண்டு இடங்களில் வந்து நிற்பது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலி எங்கே போட்டிருக்கிறது என்பதை நிலாவின் தூரம் அல்ல, இந்தச் சுற்றுக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

சனியின் எஃப் வளையத்தைத்தான் பாடப்புத்தகங்கள் மேய்ச்சலுக்கு முதல் உதாரணமாகக் காட்டும். உள்ளே ப்ரோமிதியஸ், வெளியே பண்டோரா. அது அவ்வளவு நல்ல உதாரணம் அல்ல. ப்ரோமிதியஸ் தன் ஒவ்வொரு சுற்றிலும், அதாவது ஏறக்குறைய 14.7 மணிக்கு ஒருமுறை, வளையத்துக்கு நெருங்கி வந்து தூசியை இழையாக உருவிக்கொண்டு போகிறது. பண்டோரா மறிப்பதைவிடக் கலைப்பதுதான் அதிகம். மேய்ப்பர் என்ற சொல்லை அங்கே கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும்.

மேய்ப்பர் தெரியாத வளையங்கள்

யுரேனஸுக்குத் தெரிந்த வளையங்கள் 13. இரண்டு பக்கமும் மேய்ப்பர்கள் அகப்பட்டது எப்சிலானுக்கு மட்டும்தான். மற்ற ஒடுங்கிய வளையங்கள் எப்படி நிற்கின்றன?

சிலவற்றுக்குத் தூரத்து நிலாக்களோடு ஒத்திசைவு இருக்கிறது. ஈட்டா வளையம் கிரெசிடா என்ற நிலாவோடு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஓடுகிறது. அதனால் ஈட்டா வளையம் மூன்று முனை கொண்ட மாதிரி மிக லேசாக நெளிந்திருக்கிறது. 2017இல் அந்த நெளிவின் அளவை வைத்தே கிரெசிடாவின் எடையைக் கணித்தார்கள். வளையத்தைத் தராசாக்கி நிலாவை எடை போட்ட வேலை! அந்த எடையை வைத்துப் பார்த்தால், இன்னும் சுமார் 10 லட்சம் ஆண்டுகளில் கிரெசிடா பக்கத்து நிலாவான டெஸ்டிமோனாவோடு மோதும் என்று கணக்கு வருகிறது. வானியல் கால அளவில் அது நாளை மறுநாள்.

ஆல்பா, பீட்டா வளையங்கள் இன்னும் சுவாரஸ்யம். வாயேஜர் 2 இந்த வளையங்கள் வழியாகப் பூமிக்கு அனுப்பிய ரேடியோ அலைகளின் பழைய பதிவை 2016இல் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, வளைய ஓரங்களில் அலை போன்ற ஒழுங்கு தெரிந்தது. டாஃப்னிஸ் கிளப்புகிற அலையை நினைத்துக்கொள்ளுங்கள். அலையின் நீளத்திலிருந்து அதைக் கிளப்பிய பொருள் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். விடை: வளையங்களுக்கு வெளியே சுமார் 100 கிலோமீட்டரில், 4 முதல் 14 கிலோமீட்டர் குறுக்களவில் நிலாக்கள் இருக்கலாம்.

மங்கலான வளையங்கள்: அங்கே நிலா ஊற்று

இதுவரை பார்த்தவை ஒடுங்கிய, அடர்ந்த வளையங்கள். இன்னொரு வகை, புகை மாதிரி பரந்து மங்கிக் கிடப்பவை. இவற்றில் நிலாவின் வேலையே வேறு. அடர்ந்த வளையத்தில் அது வேலி. மங்கலான வளையத்தில் அதுதான் ஊற்று.

யுரேனஸின் வெளிப்பக்கம் மியூ, நியூ என்று இரண்டு மங்கல் வளையங்கள் உண்டு. ஹப்பிள் தொலைநோக்கிப் படங்களிலிருந்து 2005இல் மார்க் ஷோவால்டரும் ஜாக் லிசாவரும் அறிவித்தவை. மியூ வளையம் எங்கே மிகப் பிரகாசமாக இருக்கிறதோ, சரியாக அங்கே மேப் என்ற குட்டி நிலா ஓடுகிறது. 12 முதல் 24 கிலோமீட்டர் வரை இருக்கலாம்.

ஊற்று எப்படி வேலை செய்கிறது? விண்கல் தூசி ஓயாமல் நிலாவின் மேல் விழுகிறது. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தூள் எழும்பும். பெரிய நிலா என்றால் எழும்பிய தூள் திரும்பி விழுந்துவிடும். நம் நிலாவிலிருந்து ஒரு துகள் தப்ப விநாடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மேப் 24 கிலோமீட்டர் பனி உருண்டை என்று வைத்தால், தப்பிக்க மணிக்கு 30 கிலோமீட்டர் சொச்சம் போதும். சந்துக்குள் போகிற ஸ்கூட்டரின் வேகம். ஆகவே எழும்புவதில் பெரும்பகுதி போய்விடுகிறது. நிலா ஓடுகிற பாதை முழுக்கத் தூள் படிகிறது. நிலா மிகவும் சிறிதாக இருந்தாலும் உதவாது, அடி வாங்குகிற பரப்பு குறைந்துவிடும். சில கிலோமீட்டர் முதல் சில பத்து கிலோமீட்டர் வரைதான் நல்ல தூசி ஆலை.

இந்தத் தூசி நிலைக்காது. சூரிய ஒளியின் தடையும் கோளின் வளிமண்டல உரசலும் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மங்கலான வளையம் ஒன்று இன்று தெரிகிறது என்றால், யாரோ இன்றும் தூள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வியாழனின் மெல்லிய வளையங்களில் இதற்கு அழகான அத்தாட்சி இருக்கிறது. அமால்தியா, தீபி என்ற நிலாக்களின் பாதைகள் கோளின் நடுக்கோட்டுத் தளத்துக்குச் சற்றுச் சாய்வானவை. நிலா கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று போய்வரும். அவற்றின் தூசியும் அதே சாய்வோடு கிளம்புகிறது. கலிலியோ விண்கலம் பக்கவாட்டில் பார்த்தபோது, வளையத்தின் தடிமன் ஒவ்வொரு நிலாவும் மேலும் கீழும் போகிற உயரத்துக்கு அப்படியே சமமாக இருந்தது. அப்பன் யார் என்று கேட்கவே தேவையில்லாத ஜாடை.

மியூ வளையத்தில் ஒரு விடுகதை பாக்கி இருக்கிறது. அது நீல நிறம். மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். இதே மாதிரி நீலமாக இருப்பது சனியின் ஈ வளையம்; அதற்குக் காரணம் என்செலடஸ் நிலா தன் தென்துருவத்திலிருந்து பீய்ச்சும் பனித்தூள். மேப் அப்படிப் பீய்ச்ச முடியாத அளவு சின்னது. பெரிய துகள்கள் எங்கே போய், நுண்ணியவை மட்டும் எப்படி மிஞ்சின என்பது தீராத கேள்வி. சிவந்த நியூ வளையமோ போர்ஷியா, ரோசலிண்ட் என்ற இரு நிலாக்களுக்கு நடுவே கிடக்கிறது; அதற்குள் ஊற்று என்று சொல்ல ஒரு நிலாவும் அகப்படவில்லை.

புதிய நிலா இதில் எங்கே வருகிறது?

எஸ்/2025 யூ1 கோளின் மையத்திலிருந்து சுமார் 56,000 கிலோமீட்டரில், ஒஃபீலியாவுக்கும் பியான்காவுக்கும் நடுவே ஓடுகிறது. எப்சிலான் வளையத்திலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டர் வெளியே. இதுதான் வளையத்தைக் காக்கும் நிலா என்று எடுத்துக்கொண்டால் தவறு. அந்த வேலையை ஒஃபீலியா ஏற்கெனவே பார்க்கிறது.

செய்தியின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. வாயேஜர் 2 பக்கத்தில் போயும் இதைப் பார்க்கவில்லை, அவ்வளவு மங்கல். வெப் தொலைநோக்கி சுமார் 290 கோடி கிலோமீட்டருக்கு இப்பாலிருந்து, ஒவ்வொன்றும் 40 நிமிடம் கொண்ட பத்துப் படங்களில் பிடித்துவிட்டது. ஆல்பா, பீட்டா ஓரங்களில் அலை கிளப்புவதாகக் கணக்கிட்ட நிலாக்களும் இதே அளவுதான். சிக்கல் என்னவென்றால், எஸ்/2025 யூ1 வெற்றிடத்தில் தனியாக ஓடியதால் கண்ணில் பட்டது. அவையோ வளையத்திலிருந்து 100 கிலோமீட்டரில், கோளின் வெளிச்சத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்க வேண்டியவை. வெப்பின் படத்தில் 100 கிலோமீட்டர் இடைவெளி தனியாகத் தெரியாது, வளையத்தோடு கலந்துவிடும். அவை அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க, மறுபடி ஒரு விண்கலம் யுரேனஸுக்கே போக வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2022இல் வெளியிட்ட பத்தாண்டுத் திட்ட அறிக்கையில், அடுத்த பெரிய கோள் பயணங்களில் யுரேனஸுக்கு ஒரு சுற்றுக்கலம் அனுப்புவதைத்தான் முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள்.